வெயில் ஆகாத முகம்

நன்னிலம்
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா அரசப்பன் எழுதுவது.

நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் ‘சாப்பிட்டேன்பா’ என்று ஒரு வரி வருகிறது, அதுவும் மறுநாள். அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். உன் அறைத் தோழி வானதி பெயருக்கு அனுப்பினால் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். என் எழுத்து கோணல்தான். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பாய்.

இங்கே நான் இருக்கிறேன். உன் அம்மா போன பிறகு வீட்டில் சத்தம் என்றால் மாடு கத்துவதுதான். சமையல் நானே செய்துகொள்கிறேன். ஒரு நாள் உப்புக் கரிக்கிறது, ஒரு நாள் உப்பே இல்லை. மேட்டூர் திறந்தாயிற்று. நம் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் ஏறவில்லை. தூர் வாரிய மண்ணைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள், பெய்த மழையில் அது திரும்ப உள்ளே சரிந்து கிடக்கிறது. பக்கத்து வயல் பக்கிரிதான் தன் போர் தண்ணீரைத் திருப்பிவிட்டு நாற்றங்காலைக் காப்பாற்றிக் கொடுத்தான். வேலை நடக்கிறது. யாருக்காக இந்த வேலை என்றுதான் தெரியவில்லை.

எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். போன வாரம் வானதியிடம் பேசினேன். நீ ஏன் ஊருக்கு வரமாட்டேன் என்கிறாய், ஏன் வீடியோவில் வருவதில்லை, அம்மாவை நினைத்துத்தானா என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு அழுதுவிட்டாள். உனக்குத் தெரிந்த கதையைத்தான் உனக்கே எழுதுகிறேன். ஆனால் எனக்கு அது இப்போதுதான் தெரியும், செம்மொழி.

பத்தாம் வகுப்பில் உன் முகத்தில் பரு வந்தது, அது ஆறியபோது கன்னமெல்லாம் குழிக் குழியாய் நின்றது, எல்லாம் எனக்குத் தெரியும். அது உனக்கு இவ்வளவு பெரிய பாரம் என்று தெரியாது. ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை கிடைத்தபோது இனி என்ன குறை என்றுதான் நினைத்தேன். அங்கே மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, “மேக்கப்புக்கு மேலயும் பள்ளம் தெரியுதும்மா, ஏதாவது ட்ரீட்மெண்ட் பாத்துக்க” என்று சொன்னதாக வானதி சொன்னாள். நீ அதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அம்மாதான், “போயி செஞ்சிக்கடி, அப்பாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்” என்றாளாம். லேசர் வைத்துத் தோலின் மேல்பாகத்தைச் சுட்டு எடுப்பார்களாம். கீழேயிருந்து புதுத் தோல் வளர்ந்து குழியை நிரப்புமாம். அது வளர்ந்து முடிக்கும் வரை வெயில் மட்டும் ஆகவே ஆகாதாம்.

இப்போதுதான் எனக்குப் புரிகிறது. சித்திரையில் அந்த வாரம் முழுக்க உன் அம்மா போனில், “எரியுதா? ஐஸ் வச்சியா? வெளிய தல காட்டாத” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாருக்கு என்ன எரிகிறது என்று கேட்டேன். “ஒங்களுக்கு ஒண்ணும் எரியல, போயி மாட்டப் பாருங்க” என்றாள். அந்த வார்த்தை பேசிய வாரத்திலேயே, உளுந்து தூற்றிக்கொண்டிருந்தவள் முறத்தோடு உட்கார்ந்தாள், நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆட்டோ வந்து சேருவதற்குள் முடிந்துபோனாள்.

நீ பஸ்ஸில் வந்து இறங்கும்போது முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக் கட்டியிருந்தாய். கண் மட்டும்தான் தெரிந்தது. உன் அத்தை ராசம்மாள், “பெத்தவ கெடக்குறா, மூஞ்சிய மூடிக்கிட்டா வந்து நிக்கிற, எடுடி” என்று அதைப் பிடித்து இழுத்தாள். உன் முகம் செக்கச் சிவந்து, அங்கங்கே பொருக்குத் தட்டிக் கிடந்தது. அழுது வீங்கியிருக்கிறது, சூடு பிடித்திருக்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

பொம்பளைப் பிள்ளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று பெரியவர்கள் மறித்தார்கள். பங்காளி மகன் கொள்ளி வைக்கட்டும் என்றார்கள். நான்தான் ஒரே பிடியாக நின்றேன். “எம் பொண்ணுதான் வைப்பா. அவள ஆம்பளப் புள்ளைக்கு ஒரு மாத்துக் கொறச்சலாவா வளத்தேன்?” என்று கத்தினேன். கத்திரி வெயில். அறுத்துப் போட்ட வயல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நீ எனக்கு முன்னால் நடந்தாய். துக்கத்துக்கு நடுவிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த வெயில் உன்னை என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் வானதியிடம் கேட்டேன், நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, குடையாவது பிடித்திருப்பேனே என்று. அவளும் உன்னிடம் இதையே கேட்டாளாம். “அம்மாவுக்குக் கொள்ளி வைக்கிறப்ப மூஞ்சிய மூடிக்கிட்டா வைப்பாங்க?” என்று நீ திருப்பிக் கேட்டாயாம்.

அன்று நான் பிடிவாதம் பிடித்ததற்காக வருத்தப்படுவதா, வேண்டாமா என்று யோசித்து யோசித்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உன்னைத் தவிர வேறு யார் வைத்திருந்தாலும் உன் அம்மாவுக்கு அது ஆகியிருக்காது. நீ வைத்ததால் உனக்கு இப்படி ஆயிற்று. இரண்டும் உண்மையாக இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படித் தூங்குவது?

கன்னமும் நெற்றியும் கறுத்துவிட்டதாக வானதி சொன்னாள். இருக்கட்டும். வீட்டுக்கு வா. இங்கே உன்னைப் பார்க்க நானும் மாடும்தான். மாடு சினையாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் ஒரு வரி போடு.

உன் அப்பா
அரசப்பன்


நன்னிலம்
புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை

செம்மொழி, என் தங்கமே,

சென்னையிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

நான் சொல்லாமல் புறப்பட்டு வந்தது உனக்குக் கோபம் என்று தெரிகிறது. சொன்னால் வேண்டாம் என்பாய். அதனால்தான் சொல்லவில்லை. பெண்கள் விடுதி, ஆம்பளை ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்று வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். நல்ல மனுஷன். நாற்காலி கொண்டுவந்து போட்டார். வானதி கீழே வந்து பருப்புப் பொடியையும் முறுக்கையும் வாங்கிக்கொண்டாள். “மேல இருக்காப்பா. எறங்க மாட்டேங்குறா. நான் என்ன செய்யட்டும்?” என்று கையைப் பிசைந்தாள்.

அப்புறம் அவள் போனிலிருந்து நீ என்னிடம் பேசினாய். எத்தனை மாதம் கழித்து உன் குரல்! நிமிர்ந்து பார்த்தேன், எந்த ஜன்னல் உன்னுடையது என்று தெரியவில்லை, எல்லாவற்றிலும் திரை போட்டிருந்தது. “அப்பா, போயிடுங்கப்பா. நீங்க அங்க ஒக்காந்திருக்கறது எனக்குத் தாங்கல” என்றாய். உன்னைப் பார்க்காமல் எப்படிப் போவது என்றேன். “பாத்தா நீங்க தாங்க மாட்டீங்கப்பா” என்றாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் போன் நின்றுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் தன் குடையைக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டார்.

வரும் வழியெல்லாம் உன்னையே நினைத்துக்கொண்டு வந்தேன். கறுத்ததைச் சரிசெய்கிறேன் என்று, லேசர் வைத்த அதே கிளினிக்கில் மறுபடியும் ஏதோ மருந்தைப் பூசி உரித்தார்களாம். அது இன்னும் ரணமாகிவிட்டதாம். ஹோட்டலில் உன்னை முன்னால் நிற்க வேண்டாம் என்று உள் அறைக்கு மாற்றினார்களாம், நீயே வேலையை விட்டுவிட்டாயாம். இப்போது ராத்திரி வேலை, போனில் ஆட்களுக்குப் பதில் சொல்லும் வேலை. வெயிலும் இல்லை, முகம் பார்க்கவும் யாரும் இல்லை. இதெல்லாம் வானதி சொல்லித்தான் தெரியும். யார் எவர் என்று தெரியாதவர்களிடம் விடிய விடியப் பேசுகிறாய், அம்மாடி. எனக்கு ஒரு வார்த்தை மிச்சம் வைக்கக்கூடாதா?

நான் சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். என் முறை வந்ததும் என் முகத்தை உற்றுப் பார்த்தார். வயலில் காய்ந்து சுருங்கிக் கிடக்கும் முகம்தானே. “பெரியவரே, எவ்வளவு நாளா இப்படி இருக்கு?” என்றார். எனக்கு இல்லையம்மா, என் மகளுக்கு என்றேன். மகள் எங்கே என்று கேட்டார். வரமாட்டேன் என்கிறாள் என்றேன். வெளியே அவ்வளவு கூட்டம் நின்றும் அந்தம்மா என்னை விரட்டவில்லை. நம் நிறத்துத் தோலுக்கு லேசர் வைத்தபின் வெயில் பட்டால் இப்படிக் கறுப்பது உண்டு என்றார். மெதுவாக வெளுக்கும், வருஷம் கூட ஆகலாம், சிலருக்கு முழுக்கப் போகாமலும் நிற்கும் என்றார். பழைய குழி போகுமா என்று கேட்டேன். “கொஞ்சம் கொறையும். போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். இதற்கு மேல் யாரும் அதைச் சுடவோ உரிக்கவோ விடாதீர்கள், அவளைக் கூட்டி வாருங்கள், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவளை உட்கார வைத்துப் பேச வேண்டும் என்றார். நல்லதாக ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து உன்னிடம் கொடுக்கலாம் என்றுதான் போனேன். கிடைத்தது இதுதான். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராசம்மாள் அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “வண்டியில போற பொண்ணுவோ எல்லாம் மூஞ்சியக் கட்டிக்கிட்டுப் போவுதுவோ, அது மாதிரின்னு நெனச்சேன்டா தம்பி. இந்தக் கையாலதான இழுத்தேன்” என்று அழுதாள். அவளைத் தேற்றத் தெம்பில்லாமல் நான் உள்ளே போய்விட்டேன்.

குறுவை அறுத்தாயிற்று. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டுக் காத்துக் கிடக்கிறோம். ஈரம் என்று எடுக்க மறுக்கிறார்கள். தார்ப்பாய் போட்டு மூடியும் அடியில் முளை விட்டுவிட்டது. பக்கிரி நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். எனக்கு அதில்கூடத் துக்கம் வரவில்லை. துக்கப்படுவதற்கு இடம் இல்லை போலிருக்கிறது. மாடு கிடாரிக் கன்று போட்டது. பெயர் வைக்க நீ இல்லாமல் அதைக் கன்று என்றே கூப்பிடுகிறேன்.

செம்மொழி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே. உயிரை வேண்டாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. இதை எழுதவே பயமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

தினம் ‘சாப்பிட்டேன்பா’ என்று போடுகிறாயே, அதை நிறுத்தாதே. அதைப் பார்த்த பிறகுதான் நான் சோற்றில் கை வைக்கிறேன்.

அப்பா


நன்னிலம்
சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நேற்று சாயந்திரம் பஸ் ஏறியவள் இந்நேரம் போய்ச் சேர்ந்து தூங்கிக்கொண்டிருப்பாய். நீ இருந்தபோது சொல்ல முடியாததை நீ போன மறுநாளே எழுதுகிறேன்.

அம்மாவின் தலைத் திவசத்துக்கு நீ வருவாய் என்று நான் நம்பவில்லை. ஆம்பளை யாராவது செய்யட்டும் என்று இந்த வருஷமும் சொன்னார்கள். கொள்ளி வைத்தவள் செய்யாவிட்டால் திவசமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருகிறேன், பொழுது விடிவதற்குள் முடித்துவிட வேண்டும், ஊரைக் கூட்டாதீர்கள் என்று நீ செய்தி போட்டிருந்தாய். அதைப் பக்கிரியிடம் காட்டினேன். அவன் கண் கலங்கிவிட்டது.

ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாததால் போர் தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன். நீ முகத்தைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து பிண்டம் பிடித்தாய். அத்தை தள்ளியே நின்றாள். உன் பக்கத்தில் வரத் துணிச்சல் இல்லை அவளுக்கு. முடிந்ததும் நீயே எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தாய். என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் படைத்த சோற்றை எடுத்துக்கொண்டுபோய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். இப்படியும் ஒரு தகப்பனும் மகளும்.

பஸ்ஸில் வந்த களைப்பில் உள் அறையில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாய். சாயங்காலப் பஸ்ஸுக்கு எழுப்பச் சொல்லியிருந்தாய். நேரம் பார்க்கத்தான் எட்டிப் பார்த்தேன், செம்மொழி. வேறு எண்ணம் இல்லை. புழுக்கத்தில் நீ புரண்டதில் துப்பட்டா விலகிக் கழுத்துக்குக் கீழே கிடந்தது.

பார்த்தேன்.

ஒன்றும் இல்லை, எல்லாம் உன் பிரமை என்று எழுத ஆசைதான். எழுதமாட்டேன். நெற்றியிலிருந்து தாடை வரை திட்டுத் திட்டாகக் கறுப்பு, நடுவில் வெளுத்துப்போன இடங்கள், வலது கன்னத்தில் தோல் இழுத்துப் பிடித்தாற்போல ஒரு தழும்பு. பழைய குழிகளும் அப்படியே இருக்கின்றன. இதற்கா இத்தனை பட்டாய்? நான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டேன். தாங்க மாட்டீர்கள் என்று போனில் சொன்னாயே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

அப்போது மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே இறங்கத் தொடங்கியது. புயலில் அந்த ஜன்னல் கதவு போனது, இன்னும் போடவில்லை. முதலில் உன் கையில் விழுந்தது, மெல்ல ஏறி உன் கன்னத்துக்கு வந்தது. உன்னைத் தாண்டிப் போனால் விழித்துவிடுவாய். விழித்தால் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்துவிடும். பின்கட்டு வழியாக வெளியே ஓடி, ஜன்னலுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றேன். என் நிழல் உன் மேல் விழுந்தது. வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். அந்தப் பக்கமாக வந்த பக்கிரி, “என்னண்ணே, செவுத்த ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?” என்று கேட்டான். போடா என்று கையைக் காட்டினேன். பூவரச மரத்துக்குப் பின்னால் வெயில் இறங்கும் வரை நின்றேன். தோளில் கிடந்த துண்டை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கலாமே என்று எல்லாம் முடிந்த பிறகுதான் தோன்றியது.

பிறகு உள்ளே வந்து, தூரத்தில் நின்று சத்தம் கொடுத்து எழுப்பினேன். நீ முகத்தைக் கட்டிக்கொண்டு வந்தாய். எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தேன். “வரேம்ப்பா” என்றாய். அடுத்து எப்போது என்று கேட்டேன். பஸ் சத்தத்தில் உனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் நீ படுத்த பாய் அப்படியே கிடந்தது. அதைச் சுருட்டி வைக்க எனக்குக் கை வரவில்லை. நேற்று ராத்திரி ‘சாப்பிட்டேன்பா’ வரவில்லை. இன்றைக்கும் இதுவரை வரவில்லை. பஸ்ஸில் சிக்னல் இருந்திருக்காது, அசந்து தூங்குகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பார்த்தால் நான் தாங்கமாட்டேன் என்று ஒரு வருஷம் என்னிடமிருந்து ஒளிந்தாய். நான் பார்த்தாயிற்று, அம்மாடி. தாங்கவும் இல்லை. ஆனால் செத்துப்போகவும் இல்லை, உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி என்னிடம் மறைக்க உன்னிடம் எதுவும் இல்லை. அதனால் வா. தங்க வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வேளை எனக்கு எதிரில் உட்கார்ந்து, முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போ.

எங்கே இருந்தாலும் நீ இருக்க வேண்டும்.

உன் அப்பா
அரசப்பன்